வெள்ளிக் கண்

மந்தைவெளி நோரா அம்மாள் வீட்டில் யாருக்கு எந்த நோய் போனாலும் பெருமை நோரா அம்மாளுக்குத்தான். போன வருஷம் மருமகள் டெல்பினுக்கு இடது கண் மங்கியது, அசைத்தாலே வலித்தது. நோரா டாக்டரிடம் போக விடவில்லை. சில வாரங்களில் தானாகவே தெளிந்தது. நோரா மாதா கோயிலில் வெள்ளிக் கண் காணிக்கை செலுத்தி, பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்து, தன் ஜெபத்தால் மாதா குணமாக்கினார் என்று சாட்சி சொன்னாள். அன்றிலிருந்து அந்தக் கோயில் பங்கில் கண் மங்கியவர்களெல்லாம் அவளிடம் ஜெபம் கேட்டு வந்தார்கள். அவளும் பெரிய டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தலையில் கை வைத்தாள்.

இந்த வருஷம் டெல்பினுக்கு வலது கால் மரத்து இழுத்தது. நடக்கவே முடியாமல் போனதும் அடையாறு ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் சந்திரிகாவிடம் போனார்கள். டெல்பினின் கணவன் டெரன்ஸும் வந்தான், தன் அம்மா பேசும்போது தலையாட்டுவதற்கு.

டாக்டர் கேட்டது ஒன்றுதான். இதற்கு முன் கை, கால், கண் எதிலாவது இப்படி வந்து போயிருக்கிறதா? இதுதான் முதல் தடவை என்றால் பொறுத்துப் பார்க்கலாம். ஏற்கெனவே வந்தது என்றால் பொறுக்கவே கூடாது.

"இதான் டாக்டர் முதல் தடவை," என்றாள் நோரா. டெரன்ஸ் தலையாட்டினான்.

மைக்கில் சொன்ன சொல் நிற்க வேண்டும், அதற்கு இவள் கால் போனாலும் பரவாயில்லை. அத்தையின் இந்தக் கணக்கு டெல்பினுக்குப் புரிந்துவிட்டது.

"போன வருஷம் இடது கண்ணு, டாக்டர். ரொம்ப நாள் சரியாத் தெரியல."

"அது மாதா குணமாக்குனது. அதை இதுல சேக்கக் கூடாது," என்றாள் நோரா.

"வந்ததைத்தானே அத்தை, மாதா குணமாக்குனாங்க? வராததையா?"

டெரன்ஸ் யாருக்குத் தலையாட்டுவது என்று தெரியாமல் செல்போனைப் பார்த்தான்.

டாக்டர் உடனே ஸ்கேன் எடுக்க அனுப்பினார்; மாலையில் முடிவு வந்தது. மூளையில் பழைய தழும்புகள், முதுகுத் தண்டுவடத்தில் புதிதாக ஒன்று. நரம்பின் உறையை அரிக்கிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதில் விட்டுவிட்டு வருகிற வகை என்றார் டாக்டர். தானாகத் தணியும், ஆனால் ஒவ்வொரு தடவையும் எதையாவது பறித்துக்கொண்டுதான் தணியும். அன்றைக்கே சேர்ந்து மருந்து ஏற்றிக்கொள்ளச் சொன்னார். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்று நோரா கிளம்பிவிட்டாள். டெரன்ஸ் மனைவியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஆட்டோவில் ஏற்றினான்.

"தானாத் தணியும்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க," என்றாள் நோரா. "நவநாள் ஜெபம் முடியட்டும். வெள்ளிக் கால் செலுத்திடலாம். ஊசியெல்லாம் அப்புறம்."

டெல்பின் டிரைவரின் தோளைத் தட்டினாள். "அண்ணே, ஆஸ்பத்திரிக்கே திருப்புங்க."

"இன்னாம்மா, எதுனா மறந்துட்டியா?"

"அட்மிட் ஆவணும்ணே." பிறகு மாமியாரிடம் திரும்பினாள். "வெள்ளிக் கால் வாங்குங்க அத்தை. உங்க புள்ளைக்கு ஆவும், சொந்தமா நிக்க."

ஆட்டோ திரும்பியது. டெரன்ஸ், பழக்கத்தில், தலையாட்டினான்.