வேப்பமரத்துக் குழாய்

என் நாக்கைப் பற்றி ஊரில் பல கதைகள் உண்டு. அவற்றில் பாதி பொய். மீதிப் பாதியை நான்தான் சொன்னேன்.

இங்கே உண்மையை மட்டும் எழுதுகிறேன். டார்ச்லைட் பேட்டரிக் கட்டை நான்கை வரிசையாக அடுக்கி, இரண்டு முனையிலிருந்தும் ஒயர் இழுத்து, எத்தனை தூரத்துக்கு அப்பால் கொண்டுவந்து கொடுத்தாலும் சரி, நுனியை நாக்கில் வைத்த மாத்திரத்தில் எது பிளஸ், எது மைனஸ் என்று சொல்லிவிடுவேன். பிளஸ் பச்சைப் புளியங்காய் போலப் புளிக்கும். மைனஸ் வெற்றிலைச் சுண்ணாம்பு போலக் காறும். இரண்டும் இல்லாமல் வெறும் செம்பு ருசி மட்டும் வந்தால், ஒயர் நடுவில் எங்கோ அறுந்துகிடக்கிறது என்று அர்த்தம். இதில் மாயம் ஒன்றுமில்லை, பழக்கம்தான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் லாரிக்காரர்கள் பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க என்னை டீக்கடையில் வந்து தேடுவார்கள். ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டு, “வந்தவாசி வரைக்கும் போவும், திரும்பி வராது” என்றேன். அந்த டிரைவர் நம்பாமல் போனான். வந்தவாசியில் மூன்று நாள் வண்டியோடு கிடந்தான். அங்கேயே பெண் பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டான். இன்றைக்கும் அவன் மனைவி என்னைக் கண்டால் கும்பிடுவாள். அவன் கும்பிடுவதில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரை. உத்திரமேரூருக்கு மேற்கே நாலு மைலில் எங்கள் ஊர். ஊர் என்றால் ஊர் ஒரு பக்கம், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் காலனி. ‘செங்கேணி சவுண்டு சர்வீஸ்’ என்று என் மனைவி பெயரில் ஒரு மைக் செட் வைத்திருந்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு டூரிங் கொட்டகை மூடியபோது வாங்கிய ஆம்பிளிபையர், ஒரு மைக், இரண்டு குழாய் ஸ்பீக்கர், எட்டுச் சுருள் ஒயர். ஒயர் மிலிட்டரியில் கழித்துப்போட்ட சரக்கு. ஒவ்வொரு சுருளிலும் இரண்டு இழை, இரண்டுமே ஒரே பச்சை. எந்த இழை பிளஸ் என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் பிளஸ் இழையின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு முடிச்சு போட்டுவைப்பேன். முடிச்சோடு முடிச்சைச் சேர்த்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு செட் கட்டலாம்.

காலனியில் கல்யாணம், காதுகுத்து, சர்ச் கிறிஸ்துமஸ், சாவு எல்லாவற்றுக்கும் என் செட்தான். ஊருக்குள் மட்டும் அழைத்ததில்லை. ஊரில் திரௌபதியம்மன் கோயில் பாரதம் பதினெட்டு நாள் நடக்கும். அதற்கு வருஷா வருஷம் வெளியூர் முத்துகிருஷ்ணன் செட் வரும். கோயில் எதிரே திடல். திடலுக்கு இந்த ஓரம் புளியமரம், அந்த ஓரம், கோயில் வாசலை ஒட்டி, வேப்பமரம். காலனிக்காரர்கள் புளியமரம் வரை வந்து நின்று கதை கேட்கலாம். அதற்கு மேல் ஒரு அடி வைப்பது வழக்கமில்லை. யாரும் தடுத்துச் சொன்னதில்லை. யாரும் வைத்துப் பார்த்ததுமில்லை.

பதினெட்டாம் நாள் காலை. அன்றுதான் துரியோதனன் படுகளம். நாற்பதடி நீளத்துக்கு மண்ணால் செய்த துரியோதனன் திடலில் மல்லாந்து கிடப்பான். அவன் தொடையை உடைத்த பிறகு, இத்தனை நாளும் அவிழ்ந்து கிடந்த கூந்தலைப் பாஞ்சாலி எடுத்து முடிவாள். சுற்றுவட்டத்தில் பத்து ஊர் ஜனம் அதற்காகவே வரும். அன்றைக்குப் பார்த்துக் கோழி கூவும்போதே செங்கேணிக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. என் மாமியார் ஆண்டாளம்மாள் என்னையும் மைத்துனன் பெருமாளையும் வாசலுக்குத் துரத்திவிட்டாள்.

அப்போதுதான் ஊரிலிருந்து சின்னராசு சைக்கிளில் வந்து வாய்க்கால் கரையில் காலை ஊன்றி நின்றான். நல்ல மனிதன், விவசாயி. வாய்தான் கொஞ்சம் சத்தம்.

“ஞானதாசு! கெளம்பு, கெளம்பு. முத்துகிருஷ்ணன் செட்டு பொகைஞ்சி பூட்ச்சி. பத்து மணிக்கு படுகளம். தர்மகர்த்தா உன் செட்டக் கொண்டாரச் சொன்னாரு.”

“என் செட்டயா?”

“பின்ன உன் மூஞ்சயா? சீக்கிரம் வாய்யா.”

அன்று குழாய் ஒழுங்காகப் பேசிவிட்டால் அடுத்த வருஷம் பதினெட்டு நாளும் என் செட்தான். பேசாவிட்டால், ‘காலனி செட்டு, அவ்ளோதான்’ என்று அறுபது வருஷத்துக்குச் சொல்வார்கள். பின்கட்டிலிருந்து ஒயர்ச் சுருள்களைப் பெருமாள் அள்ளிக்கொண்டு வந்தான். நான் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

புளியமரத்தில் ஒரு குழாயை நானே கட்டினேன். வேப்பமரத்தில் மற்றதைச் சின்னராசு கட்டினான். நான் அங்கே போகக் கூடாதே. என் குழாய் போனது, என் ஒயர் போனது, நான் புளியமரத்தடியில் ஆம்பிளிபையரோடு உட்கார்ந்தேன். அவசரத்தில் பெருமாளும் சின்னராசும் கைக்கு வந்தபடி இழைகளைச் சேர்த்திருந்தார்கள்.

இரண்டு குழாய்க்கும் நட்டநடுவில் தர்மகர்த்தா வேதாசலத்தின் நாற்காலி. ஓரிக்கையிலிருந்து வந்த பாரதப் பிரசங்கி தாமோதரன் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினார். செருமலே ஏரிக்கரை வரை போனது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கதை தொடங்கிக் கால் நாழிகை ஆகியிருக்கும். வேதாசலம் கையைத் தூக்கினார்.

“இன்னாய்யா இது? வாயத் தொறக்கறாரு, மூடறாரு. சத்தத்தையே காணோம்?”

“எனக்கு நல்லா கேக்குதே நைனா” என்றான் சின்னராசு, பத்தடி தள்ளி நின்று.

“உனுக்குக் கேட்டா ஆச்சா? எனக்கு எங்கியோ கெணத்துக்குள்ள பேசற மாரி கீது.”

எனக்குப் புரிந்துவிட்டது. எதிரெதிரே நின்று இறைகூடையில் தண்ணீர் இறைக்கிற இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒன்றாக வீசினால் தண்ணீர் மேட்டில் ஏறும். ஒருவன் வீசும்போது மற்றவன் தளர்த்தினால், கூடை நடுவில் ஆடிக்கொண்டு நிற்கும். ஒரு குழாய்க்குப் பிளஸும் மைனஸும் இடம் மாறிவிட்டால் இப்படித்தான். ஒன்று காற்றைத் தள்ளும், மற்றது இழுக்கும். சரியாக நடுவில் சத்தம் செத்துப்போகும். அந்த நடுவில்தான் வேதாசலம் உட்கார்ந்திருந்தார்.

“நைனா, நாற்காலிய ரெண்டடி தள்ளிப் போட்டா கேக்கும்” என்று புளியமரத்தடியிலிருந்து குரல் கொடுத்தேன்.

வேதாசலம் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார்.

“எங்க தாத்தா ஒக்காந்த எடம்டா இது. இது நவுராது. நீ உன் சத்தத்த நவுத்து. முடியலன்னா மூட்ட கட்டிக்கினு கெளம்பு.”

ஒயரை எடுத்துப் பார்த்தேன். ஒரு முடிச்சு இல்லை. பெருமாளைப் பார்த்தேன். அவன் துரியோதனனைப் பார்த்தான்.

“டேய், முடிச்செல்லாம் எங்கடா?”

“அம்மா அவுத்துட்டிச்சி மாமா.”

“எல்லாத்தயுமா?”

“பதினாறு. எண்ணிக்கினே அவுத்துச்சி.”

என் மாமியார் வீட்டில் ஒரு வழக்கம். பிள்ளை பிறக்கிற வரைக்கும் வீட்டில் முடிச்சு என்று எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் பிள்ளை வழியில் சிக்கிக்கொள்ளுமாம். மூட்டை முடிச்சு, மாட்டுக் கயிறு, உறி, எல்லோருடைய கொண்டை, ஒன்று விடாமல் அவிழ்ப்பாள். அன்று அவிழ்த்துவிட்ட மாடு மூன்றாம் நாள்தான் கிடைத்தது. என் லுங்கி மட்டும் என் சாமர்த்தியத்தால் தப்பியது.

“இப்ப போட்டுடவா?”

“வாணாம் மாமா! அக்காவுக்குக் கொயந்த இன்னும் பொறக்கல. நீ முடிச்சி போட்டன்னு தெரிஞ்சா அம்மா ரெண்டு பேரையும் உசுரோட வுடாது.”

முடிச்சு இல்லை, கண்ணுக்கு அடையாளம் இல்லை. மிச்சம் இருந்தது நாக்குதான். ஆம்பிளிபையரிலிருந்து ஒயரைக் கழற்றி, அந்த முனையில் கட்டைகளைப் பிடிக்கச் சொல்லிப் பெருமாளை உட்காரவைத்துவிட்டுப் புளியமரத்தில் ஏறினேன். குழாயிலிருந்து ஒயரைப் பிரித்து நாக்கில் வைத்தேன். கீழே பெண்கள் கூட்டத்தில் ஒரே சிரிப்பு. சுலோச்சனா என்று ஒரு அம்மாள், வாய்க்கு அஞ்சாதவள்.

“இன்னா ஞானதாசு, காலைல நாஷ்டா ஆவலியா? ஒயர நக்கிக்கினு கீற?”

“நாஷ்டா ஆயிடுச்சிம்மா. இது ஊறுகா.”

ஊறுகாய் புளிக்க வேண்டிய இழையில்தான் புளித்தது. புளியமரத்துக் குழாய் சரியாகவே இருந்தது. அப்படியானால் கோளாறு வேப்பமரத்தில். சின்னராசு அங்கே ஏறியிருந்தான். பெருமாள் கட்டைகளை அந்த ஒயருக்கு மாற்றிப் பிடித்தான்.

“அண்ணே, ரெண்டு நுனியையும் நாக்குல வை! எது புளிக்குது?”

“ஐயோ! கரண்டு மாரி கீதுய்யா!”

“அது கரண்டுதாண்ணே. எது புளிக்குது, எது காறுது?”

“எல்லாம் புளிக்குது. காத்தால நான் துன்னது மோர் சோறு!”

திடலே உருண்டு சிரித்தது. வேதாசலம் சிரிக்கவில்லை. பாஞ்சாலி வேஷக்காரர் கூந்தலை விரித்துப்போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார். பம்பைக்காரர்கள் தோலைச் சூடுகாட்டி முடித்துவிட்டார்கள். கூட்டம் கலையாமல் இருக்க இரண்டு மரத்திலும் ஒயரைப் பழையபடி சேர்த்தோம்; நான் இறங்கி ஆம்பிளிபையரிலும் மாட்டினேன். தாமோதரன் மைக்கும் கையுமாக வேதாசலத்திடம் போய்க் குனிந்தார்.

“இன்னா செய்யலாங்க? நேரம் போவுது.”

நான் சொன்னேன்: “நைனா, இந்த ருசி எல்லா நாக்குக்கும் தெரியாது. அது எங்க கீதோ அங்க என் நாக்கு போவணும். நாக்கு தனியா போவாது.”

வேதாசலம் என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். இரண்டடி நகர்வதா, இவனை அந்த மரத்தில் ஏற்றுவதா? தாத்தாவை நினைத்திருப்பார்.

“ஏறித் தொலடா” என்றார்.

“எங்க நைனா?”

“கோயில் வேப்பமரத்துலதான்! ஞானதாசு ஏறட்டும். நான் சொல்றேன்.”

தாமோதரன் கையிலிருந்த மைக் வேதாசலத்தின் வாய்க்கு நேராக இருந்தது. தர்மகர்த்தாவின் உத்தரவு இரண்டு குழாயிலும் கிளம்பி, ஊருக்கும் கேட்டு, வாய்க்காலைத் தாண்டிக் காலனிக்கும் கேட்டு, ஏரிக்கரையில் மோதித் திரும்பி வந்தது. அவர் ஒருவருக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை.

புளியமரத்திலிருந்து வேப்பமரத்துக்கு நூற்றிரண்டு அடி. எண்ணிக்கொண்டே நடந்தேன். அவசரம்தான், ஆனாலும் ஓடவில்லை. கூட்டம் வழிவிட்டது. துரியோதனன் தலைமாட்டைச் சுற்றி, வேதாசலம் நாற்காலிக்கு முன்னால் புகுந்து, கோயில் வாசலைத் தாண்டி மரத்தில் கை வைத்தேன். மரம் ஒன்றும் சொல்லவில்லை.

மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. மண் துரியோதனனின் தொப்புளில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. கோயிலுக்குள்ளே அம்மனுக்கு எரிகிற விளக்கு தெரிந்தது. அதை நான் பார்த்தது அன்றுதான். தூரத்தில் எங்கள் வீட்டுக் கூரை தெரிந்தது. பெருமாள் புளியமரத்தடியில் ஒயரைக் கழற்றிக் கட்டைகளைப் பிடித்தான். ஒயரை நாக்கில் வைத்தேன். புளிப்பு இருக்கக் கூடாத இழையில் இருந்தது. இன்னொரு முறை வைத்தேன். மூன்றாம் முறையும் வைத்தேன். சோதனை என்றால் சோதனையாகச் செய்ய வேண்டும்.

“ஆச்சாடா?” என்றார் வேதாசலம்.

“பாத்துக்கினே கீறேன் நைனா.”

இரண்டு இழைகளையும் மாற்றி முறுக்கினேன். முடிச்சு போடவில்லை. மரத்தில் அப்பியிருந்த குங்குமத்தில் கொஞ்சம் வழித்து வந்திருந்தேன், பிளஸ் இழைக்கு அதைப் பூசினேன். பெருமாளுக்குக் கை காட்டினேன். அவன் ஒயரை ஆம்பிளிபையரில் மாட்டினான்.

தாமோதரன் வாயைத் திறந்தார். வேதாசலம் நாற்காலியோடு அரை அடி துள்ளினார்.

“யோவ்! மெதுவா! காது போச்சு!”

அதைப் போல ஒரு பாராட்டை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

என்னை இறங்கு என்று யாரும் சொல்லவில்லை. அதனால் மரத்திலேயே இருந்தேன். தொடை உடைந்தது. பம்பை முழங்கியது. தாமோதரன் குரல் என் காதுக்குப் பக்கத்துக் குழாயிலிருந்தே புறப்பட்டுப் போனது: “எடுத்தாள் கூந்தலை!” அந்த நேரம் பார்த்துக் காலனி எல்லம்மாள் புளியமரத்தடிக்கு ஓடிவந்து இரண்டு கையையும் வீசினாள்.

“ஞானதாசு! பொண்ணு பொறந்துட்ச்சி! ரெண்டும் நல்லா கீது!”

கீழே பாஞ்சாலி கூந்தலை முடிந்தாள். மேலே நான் குங்குமம் பூசிய இழையில் ஒரு முடிச்சு போட்டேன்.

மறு வருஷம் சின்னராசு பதினெட்டு நாளுக்கும் சேர்த்துச் சொல்ல வந்தான். அந்தச் செட் என்னிடம் இருந்த வரை பாரதத்துக்கு வேறு செட் வரவில்லை. நாற்காலியும் நகரவில்லை. பதினாறு முடிச்சும் அதனதன் இடத்தில் இருந்தன. இருந்தாலும் ஒவ்வொரு நாளும் ஆரம்பிக்கும் முன்னால் நூற்றிரண்டு அடி நடந்து, வேப்பமரத்தில் ஏறி, ஒருமுறை நக்கிப் பார்த்தேன். வேதாசலமே கேட்பார், “இன்னாடா, நாக்கு வெச்சிப் பாத்தியா?”

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது சொல்வதில் தவறில்லை. இருந்தது இரண்டே குழாய். நடுவில் சத்தம் செத்தால் ஏதோ ஒன்று தலைகீழ் என்று அர்த்தம். எது என்று தேட வேண்டியதே இல்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்தபடியே, ஆம்பிளிபையருக்குப் பின்னால் ஏதாவது ஒரு குழாயின் இரண்டு ஒயரை இடம் மாற்றி முடுக்கியிருந்தால் போதும். அரை நிமிஷ வேலை.

தொழில் பிடிபட்ட பிறகு ஒருநாள் பெருமாள் கேட்டான், “அப்பறம் ஏன் மாமா அன்னிக்கு மரம் ஏறின?”

“தோணலடா” என்றேன்.

அதையும் அவன் என் பொய்களோடு சேர்த்துக்கொண்டான்.