நாலு பேர் சேர்ந்து ஏறிய எடை மெஷின்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆஸ்பத்திரி வளாகத்தில் வண்டிகள் நிறுத்துமிடத்தில், தன் டிரைவிங் ஸ்கூல் காரின் மீது சாய்ந்துகொண்டு, என் அக்கா "அப்பாடா!" என்றாள். சும்மா ஒப்புக்குச் சொன்னதில்லை. பக்கத்து வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணாடியை இறக்கிப் பார்க்கும் அளவுக்கு அடிவயிற்றிலிருந்து வந்த அப்பாடா.

"இத எழுதுடா" என்றாள். "ஆனா ஒண்ணு. எழுதினத முதல்ல எனக்குக் காட்டணும்."

கதை கேட்டு அலைகிறவனுக்கு இப்படி ஒன்று மடியில் வந்து விழுந்தால் விடுவானா? சரி என்றேன். அந்தச் சரியால் நான் பட்ட பாடுதான் இனி வருவது.

2

தொடக்கம் ஒன்று: "அவள் மிகவும் பருமனான பெண்."

அக்கா படித்தாள். "நல்லாருக்கு. தெருவுல போறவன்லாம் சொல்றத நீயும் சொல்லிட்ட. இதுக்கு எதுக்கு எழுத்தாளர்?"

தொடக்கம் இரண்டு: "ஒரு காலத்தில் ஒல்லியாக இருந்த அவள்—"

இதை நானே நிறுத்திவிட்டேன். எங்கள் குடும்பத்தில் எந்தக் காலத்திலும் யாரும் ஒல்லியாக இருந்ததில்லை. பள்ளிக்கூட குரூப் போட்டோவில் அக்காவுக்கு எப்போதும் கடைசி வரிசைதான், அவள் உயரமும் இல்லை.

தொடக்கம் மூன்று: "அன்பு என்பது கிலோவில் அளக்கப்படுவதில்லை."

இந்த வரியை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கப் பெருமையாகத் திரிந்தேன். [பகலில் நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். தினசரி நாள்காட்டியின் அடியில் போடும் பொன்மொழிகளையும் திருத்துகிறேன். அங்கே ஒட்டிக்கொண்ட வியாதி இது.]

எந்தத் தொடக்கமும் தேறவில்லை. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் கணவருக்கு, அதாவது என் அத்தானுக்கு, இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. பெயிண்ட் கடையில் கலர் கலக்கிக் கொடுப்பவர். வாரத்தில் பாதி நாள் கடை, பாதி நாள் டயாலிசிஸ். அக்காவின் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தும் என்று சோதனையில் தெரிந்தது. ஆனால் டாக்டர் அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பத்துக் கிலோவாவது குறைச்சுட்டு வாங்க. இப்ப இருக்கற எடையில ஆபரேஷன் பண்ணினா உங்களுக்கே ஆபத்து" என்று சொல்லிவிட்டார்.

ஆக, அக்கா இளைக்க வேண்டும். இளைத்தால்தான் அத்தானுக்குச் சிறுநீரகம். இதைவிட எளிமையாக ஒரு கதைக்கு விதை கிடைக்குமா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏமாந்தேன்.

3

"தனியா மெஷின்ல ஏறச் சொல்லாத" என்றாள் அக்கா. "நம்பர ஒரு தடவ பாக்கறாங்க, என்னை ஒரு தடவ பாக்கறாங்க. மறுபடி நம்பர். ஏதோ தப்பா பில்லு போட்ட மாதிரி."

சரி, நாங்களும் கூட இளைக்கிறோம் என்று கிளம்பினோம். நாங்கள் என்றால், அக்காவைத் தவிர மூன்று பேர். நான். எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர். ஓய்வுபெற்றவர், சர்க்கரை வியாதிக்காரர், சர்க்கரையை விட முடியாதவர். பிறகு அக்காவிடம் கார் ஓட்டப் படித்து, இரண்டு முறை டெஸ்டில் தோற்று, நண்பராகிவிட்ட பார்சல் ஆபீஸ்காரர். அவரை நாங்கள் பொட்டலம் என்று கூப்பிடுவோம். பார்க்கவும் அப்படித்தான், நாலு பக்கமும் சமமாக இருப்பார்.

யோசனை பொட்டலத்தினுடையது. அவர் ஆபீஸில் பெரிய சரக்குகளை நிறுக்கும் இரும்புப் பலகை ஒன்று தரையோடு பதிந்திருக்கும். "நாலு பேரும் ஒண்ணா ஏறிடுவோம்க்கா. ஒரே பார்சலா போட்டுடலாம். யாரு எவ்வளவுன்னு எவனுக்குத் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே நுழைவோம். லிப்டில் நிற்பதுபோல ஒட்டிக்கொண்டு நிற்போம். மொத்த எடை மட்டும் சிவப்பு எழுத்தில் எரியும். அது குறைந்திருந்தால் டீச்சர் கை தட்டுவார், கை தட்டினால் பலகை ஆடி எண் தடுமாறும், "ஆடாதீங்க டீச்சர்!" என்று பொட்டலம் கத்துவார்.

இடைப்பட்ட நாட்களில் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்க ஓர் ஏற்பாடு இருந்தது. சபலம் வந்தால் அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும். ஒரு நாள் நான் செய்தேன்.

"அக்கா, பேக்கரி வாசல்ல நிக்கறேன்."

"உள்ள போயிட்டியா?"

"ஒரு கால் உள்ள இருக்கு."

"பதறாத. கண்ணாடியப் பாரு. பின்னாடி வண்டி வரலல்ல? மெதுவா ரிவர்ஸ் எடு. அப்படியே... ம்... அப்படியே... ரோட்டுக்கு வந்துட்டியா? இப்ப வீட்டுக்குப் போ."

இந்தக் குரலுக்குக் கட்டுப்படாதவன் எவனும் இல்லை. நான் வெண்ணெயை விட்டேன். டீச்சர் டீயில் சர்க்கரையை விட்டார். பொட்டலம் மூன்றாவது மாடிக்குப் படியேறிப் போகத் தொடங்கினார். வாராவாரம் எண் இறங்கியது. அக்கா இளைக்கிறாள் என்று நாங்கள் மூவரும் ஆனந்தமாக நம்பினோம்.

4

டாக்டர் சொன்ன நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே அக்கா தனியாகத்தான் ஏற வேண்டியிருந்தது.

எடை கூடியிருந்தது.

நர்ஸ் மறுபடி ஏறச் சொன்னார், செருப்பைக் கழற்றச் சொன்னார், கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டார். எண் அசையவில்லை. அக்கா வெளியே வந்து அத்தானிடம் விஷயத்தைச் சொன்னாள். அத்தான் சுவரில் தலையைச் சாய்த்து மூச்சை விட்டார். பாவம், மனிதர் இடிந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மொத்த எடை குறைந்தது பொய்யில்லை. பொட்டலத்தின் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார்கள். டீச்சரின் மோதிரம் கழன்று பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. என் சட்டை என்மேல் கொடியில் காய்வதுபோலத் தொங்கியது. அக்காவுக்காக நாங்கள் மூன்று பேரும் இளைத்திருந்தோம். அந்த மறைவில் அக்கா பெருத்திருந்தாள்.

"என் பேரச் சொல்லி நீங்கல்லாம் ஸ்லிம் ஆயிட்டீங்க" என்றாள் காரில். சிரிக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

5

இந்த இடத்தில்தான் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கோபம் என்றே சொல்லலாம். கட்டிய கணவனின் உயிர் விஷயம். வாயைக் கட்ட முடியாதா இவளால்? பேக்கரி வாசலில் நின்ற எங்களையெல்லாம் ரிவர்ஸ் எடுக்க வைத்தவள், தான் மட்டும் எங்கே நுழைந்தாள்?

கதை எழுதச் சொல்லி அக்கா கேட்பதற்கு முன்பே, அன்று என் நோட்டில் இப்படி எழுதத் தொடங்கினேன்: "மன உறுதி இல்லாதவர்கள் தங்கள் அன்பையும்—"

[இந்த வாக்கியத்தை அடிக்காமல் அப்படியே விட்டுவைக்கிறேன். எழுதியவன் யார் என்று பாருங்கள். வெண்ணெயை விட்டுவிட்டு முந்திரி பிஸ்கட்டுக்கு மாறியவன். எழுதும்போது வாயில் ஒன்று இருந்தது.]

கட்டுரையாக எழுதினால் இங்கே ஹார்மோன், தூக்கம், பரம்பரை என்று பூசி மெழுகலாம். எல்லாம் உண்மைதான். உட்கார்ந்தே பார்க்கிற வேலை அக்காவுக்கு. நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டு, அடுத்தவர் செய்யும் தப்புக்காகத் தயாராக இருக்க வேண்டும். ஆனால் காரணம் அதுவும் இல்லை. எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது எழுத்தாளன் கற்பனை செய்ய வேண்டும் என்பார்கள். நான் மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு நேரே கேட்கப் போய்விட்டேன்.

6

அன்று மாலை அக்கா வீட்டுக் கூடத்தில் ஐந்து பேரும் இருந்தோம். பொட்டலம்தான் ஆரம்பித்தார், அவருக்குத் தெரிந்த பாஷையில்.

"அக்கா, வெளிய போற சரக்கெல்லாம் கணக்கா இருக்கு. வீட்டுக்குள்ள ஏதோ சரக்கு வருது. யாரு அனுப்பறா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். அத்தான் திருதிருவென்று முழித்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி ஒரு முழி. டீச்சர் முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் நின்றவர், அந்த முழியை விடுவாரா?

"என்னங்க, நீங்களா?"

"கிரீம் பன்" என்றார் அத்தான். "கடையிலேர்ந்து வரும்போதெல்லாம் வாங்கிட்டு வருவேன். டீக்கு."

"அத்தான்! உங்களுக்கு அதெல்லாம் ஆகாதே!"

"எனக்கில்ல மச்சான். அவளுக்கு. நான் சாப்பிட முடியாதத அவளாவது சாப்பிடட்டும், பாத்தா ஆசையா இருக்குன்னு சொல்லுவேன். அவளும் சாப்பிடுவா." கொஞ்ச நேரம் தன் விரல் நகத்தில் காய்ந்திருந்த நீலப் பெயிண்டைச் சுரண்டினார். "அவ எடை குறையக் கூடாது. குறைஞ்சா வெட்டுவாங்க. நல்லா இருக்கற மனுஷிய எனக்காகப் படுக்க வெச்சு வெட்டறதா? எனக்கு நெனச்சாலே வயித்தக் கலக்குது. வேணாம்னு சொன்னா ஒத்துக்க மாட்டா. அதான் பன்."

நான் அக்காவைப் பார்த்தேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். முகம் கோணி, அவள் அழத் தொடங்கினாள். அக்கா அழுது நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

"எனக்குத் தெரியுங்க" என்றாள். "எதுக்கு வாங்கிட்டு வரீங்கன்னு தெரியாது. ஆனா தின்னா எடை ஏறும்னு தெரியாதா எனக்கு? தெரிஞ்சேதான் தின்னேன். எனக்குப் பயமா இருக்கு. மயக்க ஊசி போட்டா முழிக்கவே மாட்டேனோன்னு பயம். உங்களுக்குத் தர மாட்டேன்னு எந்த வாயால சொல்றது? எடை குறையலன்னா டாக்டரே வேணாம்னு சொல்லிடுவாரு. நான் சொல்ல வேண்டியதில்லல்ல?"

"இத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" என்றார் அத்தான்.

"நீங்க சொன்னீங்களா?"

அத்தான் சிரித்துவிட்டார். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். சிரித்து ஓய்ந்து, மறுபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இன்னொரு முறை. அடுத்தவர் வீட்டுக் கட்டில் ஓரத்தில் மாட்டிக்கொண்டவர்கள்போல நாங்கள் மூவரும் நெளிந்தோம். "டீ போடறேன்" என்று டீச்சர் எழுந்தார். "சர்க்கரை இல்லாம" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

[இருவரும் ஒரே பயத்தை ஒரே பன்னில் ஒளித்து வைத்திருந்தார்கள் என்பது கதைக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். எனக்கும் உறுத்தியது. நாடகத்தனமாக இருக்கிறதே, ஒருவர் பயத்தைக் குறைக்கலாமா என்று அக்காவிடமே கேட்டேன். "யார் பயத்தடா குறைப்ப?" என்றாள். விட்டுவிட்டேன்.]

7

மறுவாரம் அக்காவும் அத்தானும் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், நானும் கூடப் போனேன். உறுப்பு கொடுக்க வருகிறவர்களோடு தனியாகப் பேசுவதற்கு அங்கே ஓர் ஆலோசகர் அம்மா உண்டு. அந்த அறைக்குள் நான் இல்லை. ஆகவே இந்தப் பகுதி அக்கா சொன்னது. நடுநடுவே என் கைவரிசையும் இருக்கலாம்.

"பயமா இருக்குன்னு சொல்ல வந்தேன்" என்றாளாம் அக்கா.

"நல்லதும்மா. சொல்லத்தான் இந்த ரூம்" என்றாராம் அந்த அம்மா. "நீங்க வேணாம்னு முடிவு பண்ணா, உங்க வீட்டுக்காரர்கிட்ட 'அவங்க உடம்பு இதுக்கு ஒத்துவராது'ன்னு மட்டும்தான் சொல்லுவோம். காரணம் இந்த ரூமத் தாண்டாது."

"அவருக்குத் தெரியுமே. பொட்டலத்துக்கும் தெரியும். எதிர்வீட்டு டீச்சருக்கும் தெரியும்."

ஆலோசகர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாராம். பிறகு நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாராம். அத்தானின் நிலைமை இப்போதைக்குச் சீராக இருக்கிறது. வேறு இடத்திலிருந்து சிறுநீரகம் கிடைக்க அவர் பெயர் வரிசையில் பதிவாகியிருக்கிறது. அக்கா இன்று எதுவும் சொல்ல வேண்டாம். சரி என்று சொன்னாலும் பிறகு வேண்டாம் என்று மாற்றலாம். வேண்டாம் என்று சொன்னாலும் பிறகு வரலாம். ஆபரேஷன் அறை வாசலில்கூட மனசு மாறலாம்; ஒருத்தரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

"எடை?" என்று கேட்டாளாம் அக்கா.

"உங்க முட்டிக்காகக் குறைங்க. இதுக்காக வேணாம். ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போடாதீங்க."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது என்றாள் அக்கா. அப்படியே நடந்து வந்து கார்மீது சாய்ந்துதான் அந்த அப்பாடா.

[தமிழில் பயம் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது, பொறாமை வந்தால் வயிறு எரிகிறது, நிம்மதி வந்தால் வயிற்றில் பால் வார்க்கிறது. இத்தனை வேலையையும் வாங்கிக்கொண்டு, அது சின்னதாக வேறு இருக்க வேண்டுமாம்.]

8

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதல் முடிவில் அக்கா இளைக்கிறாள். ஆபரேஷன் நன்றாக முடிகிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டில், கையோடு கை. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அக்கா படித்தாள். "இதுல நான் எங்கடா இருக்கேன்? ஒரு கிட்னிதான் இருக்கு."

இரண்டாவதில் வரிசையில் அத்தானின் பெயர் வந்து, விடிகாலையில் போன் அடிக்கிறது. எல்லாரும் துள்ளிக் குதிக்கிறோம். "யாரோ ஒருத்தர் வீட்ல எழவு விழுந்தாத்தானே அந்த போன் வரும்?" என்றாள். "நான் குதிக்கறேனா?"

மூன்றாவதில் அவள் வேண்டாம் என்கிறாள். அத்தான் டயாலிசிஸோடு, கலர் கலக்கிக்கொண்டு, நெடுங்காலம் இருக்கிறார். இதைப் படித்துவிட்டு அக்கா முதல் வரிக்குத் திரும்பி மறுபடி படித்தாள்.

"இது எனக்குப் புடிச்சிருக்குடா" என்றாள். "அதான் பயம். நான் இன்னும் முடிவு பண்ணல. நீ அழகா எழுதிட்டா, நான் அது பின்னாடியே போயிடுவேன். மூணையும் கிழி."

கிழித்தேன். எழுதுகிறவனுக்கு வலிக்கும்தான். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஒரு மனுஷியின் உடம்பைப் பற்றி முடிவு சொல்லும் வேலை என் தலையிலிருந்து இறங்கியது.

இனி நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். எடை குறைகிறதா? இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பலகையில் ஒவ்வொருவராகத்தான் ஏறுகிறோம். ஒருவர் ஏறும்போது மற்ற மூவரும் சுவரைப் பார்த்து நிற்கிறோம். ஆகவே எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். குறைந்தது என்றால், கொடுக்கப்போகிறாள் என்று நீங்கள் எண்ணிக்கொள்வீர்கள். கூடியது என்றால், மாட்டாள் என்பீர்கள்.

இதை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தான் உள்ளே தூங்குகிறார். மத்தியான வகுப்பு முடிந்து அக்கா இப்போதுதான் வந்தாள், கை கழுவினாள், தட்டோடு எதிரே உட்கார்ந்தாள். முடிவை உங்களிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன், கொடுக்கப்போவதில்லை. அது என்னுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. உங்கள் கண் இப்போது அவள் தட்டில் இருக்கிறது. என் கண்ணும்தான். அவளுக்குப் பசிக்கிறது. வாருங்கள், நாம் அந்தப் பக்கம் போய்விடுவோம், அவள் சாப்பிடட்டும்.