எட்டு விநாடியும் ஒரு கம்பளிக் கோட்டும்

"தோத்துப் போனா யாருப்பா மன்னிப்புக் கேக்கணும்?"

மகள் ஆறு வயதில் தொலைபேசியில் கேட்டாள். கூடைப்பந்துப் பயிற்சியாளரான அவர் அப்போது மூன்றாவது நாட்டில் இருந்தார். "யாரும் கேக்க வேண்டாம்மா, விளையாட்டுதானே" என்றார். அவர் ஐந்தாவது நாட்டுக்குப் போவதற்குள் அவளுக்குக் கேலி பேச வந்துவிட்டது. "இப்ப எந்த நாட்டுலப்பா தோத்துட்டிருக்க?"

அந்த நாட்டு விமான நிலையத்தில் அவரை அழைத்துப்போக வந்தவன் அணியின் மொழிபெயர்ப்பாளன். மெல்லிய சட்டையில் நடுங்கியவரைப் பார்த்துச் சிரித்தான்.

"சார், இதோட வெளிய போனா நாளைக்கு உங்கள மூட்டை கட்டித்தான் திருப்பி அனுப்பணும்."

தன் கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். "அப்புறம் குடுங்க, அவசரமில்ல."

இரண்டு குளிர்காலம் அதுவே அவருக்கு உடுப்பு.

இறுதி ஆட்டம். எட்டு விநாடி மிச்சம், ஒரு புள்ளி பின்னடைவு. இடைவேளை கேட்டு ஆட்டத் திட்டம் வரையும் பலகையோடு வீரர்கள் முன் மண்டியிட்டார். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நேராகத் தெரியும்படி தலைகீழாக வரைவது அவர் வழக்கம். இடவலத்தையும் அவர்களுக்கேற்ப மாற்றியே சொல்வார். அன்று பதற்றத்தில் கை தனக்கு நேராகவே வரைந்துவிட்டது. நாக்கு மட்டும் பழக்கத்தில் மாற்றிச் சொன்னது. இடது மூலை என்பதற்கு வலது மூலை என்றார். மொழிபெயர்ப்பாளன் காதில் விழுந்ததை அப்படியே சொன்னான். பந்தை வாங்க வேண்டிய உயரக்காரன் அதைக் கேட்டு வலப்பக்கம் ஓடினான். பலகையில் இருந்ததை நம்பி இன்னொருவன் எறிந்த பந்து ஆளில்லாத இடது மூலையில் விழுந்து உருண்டு வெளியே போனது.

மறுநாள் அலுவலகத்தில் அணியின் முதலாளி இருவரையும் நிறுத்திக் கேட்டார்: "யாரோட தப்பு?"

மொழிபெயர்ப்பாளன் முந்திக்கொண்டான். "நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

தாழ்வாரத்தில் அவனைப் பிடித்து நிறுத்தினார். "ஏம்ப்பா?"

"உங்க பொண்ணு படிக்குது சார். எனக்கு வேற வேலை கிடைக்காமலா போயிடும்?"

கிடைக்கவில்லை. பேர் கெட்டவனை எந்த அணியும் சேர்க்கவில்லை. இவர் வாயைத் திறக்கவுமில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, ஆறாவது நாட்டில், அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய வாரம். மேலாளர் கூப்பிட்டார்.

"மொழிபெயர்ப்பு வேலைக்கு உங்க பழைய ஆள் விண்ணப்பிச்சிருக்கார். கடைசி நேரத்துல மாத்திச் சொன்னவராமே? ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

அறைக்குப் போய்க் கண்ணை மூடினார். கடவுளிடம் வெற்றி கேட்டே பழகிய வாய்க்கு அன்று என்ன கேட்பதென்று தெரியவில்லை. பிறகு எழுதினார்: "அவர் சரியாகத்தான் சொன்னார். தவறு என்னுடையது. இத்தனை நாள் பேசாமல் இருந்ததும் நான்தான்."

அவனுக்கு வேலை கிடைத்தது. இவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

"அடுத்து எந்த நாடுப்பா?" என்றாள் மகள்.

"வீடுதான். சின்ன வயசுல ஒண்ணு கேட்டியே, தோத்தா யாரு மன்னிப்புக் கேக்கணும்னு..."

"நானா? எப்பப்பா?"

அவர் விமானம் வந்து சேரும் நேரத்தைச் சொன்னார்.

கடைசி நாள் காலையில், இன்னும் திருப்பிக் கொடுக்காத அந்தக் கம்பளிக் கோட்டில் தொங்கிய பொத்தானை இறுக்கித் தைத்தார். பயிற்சிக் கூடத்துக்கு ஆட்டக்காரர்கள் யாரும் இன்னும் வந்திருக்கவில்லை. ஓர நாற்காலி மொழிபெயர்ப்பாளர் உட்காரும் இடம். அதன் முதுகில் கோட்டை மாட்டி, தோள்பட்டையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டார். சீட்டு எதுவும் எழுதி வைக்கவில்லை.

வெளியே நல்ல குளிர். மெல்லிய சட்டையோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.