இடக்கைக்காரியின் துப்பாக்கி

தனக்கென்று ஒரு துப்பாக்கி வாங்கப் போவதாக கிளெண்டா சொன்னபோது வெர்ன் பிமென்டல் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது என்று பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டான்.

கலிஃபோர்னியாவின் வடக்கே, கார்னிங்குக்கு மேற்கில் அவர்களுக்குப் பதினோரு ஏக்கர் புல்வெளி இருந்தது. அதில் மேய்ந்த முப்பத்திநாலு ஆடுகளும் கிளெண்டாவுடையவை. வெர்ன் லாரி ஓட்டுபவன். வால்நட் அறுவடை தொடங்கிவிட்டால் வாரத்தில் நாலு நாள் வீட்டுப் பக்கம் வரமாட்டான். அந்த இலையுதிர் காலத்தில் மூன்றே வாரத்தில் ஐந்து குட்டிகளைக் கயோட்டி நரிகள் தூக்கிக்கொண்டு போயின. ஐந்தாவது குட்டியின் காதில் மாட்டியிருந்த அடையாள வில்லை மட்டும் வேலியோரம் கிடந்தது. அன்றைக்கு மாலை கிளெண்டா அவனிடம் கேட்டாள்.

"உன் துப்பாக்கிய எப்படிச் சுடறதுன்னு எனக்குக் காட்டிக் குடு வெர்ன். நீ இல்லாதப்ப நான் பாத்துக்கறேன்."

"அது என்ன தொடப்பக்கட்டையா, ஆளுக்கு ஆள் எடுத்துப் பெருக்கறதுக்கு? அதுவும் நீ இடக்கைக்காரி. சுட்டுட்டு அழுதுட்டு வந்து நிப்ப."

அந்தக் கறுப்புத் துப்பாக்கியைப் பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் ஐடஹோ மாநிலத்தில் இருந்த ஒரு சிற்றப்பா மகன் அவனுக்குக் கொடுத்திருந்தான். வெர்ன் அதை இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தான். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை நண்பன் ஒருவனுடைய மலைக்காட்டுக்கு எடுத்துப் போய்ச் சுட்டுவிட்டு, எண்ணெய் போட்டுத் துடைத்துத் திரும்ப உள்ளே வைப்பான். வேறு யார் கையும் அதன்மேல் பட்டதில்லை. ஊரில் துப்பாக்கிப் பேச்சு எழுந்தால் கடைசி வார்த்தை அவனுடையதாக இருக்கும். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

கிளெண்டா எதையும் இரண்டாம் முறை கேட்கிற பழக்கம் இல்லாதவள். பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். முன்கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே நாற்பது பிள்ளைகளை வாயடைக்க வைப்பாள். "சரி, நானே ஒண்ணு வாங்கிக்கறேன்" என்றாள். அப்போதுதான் அவன் சிரித்தது.

அந்த மாநிலத்தில் துப்பாக்கி வாங்குவது மிட்டாய் வாங்குகிற மாதிரி இல்லை. முதலில் பாதுகாப்புத் தேர்வு எழுத வேண்டும். அதற்கொரு கையேடு உண்டு. பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் பேருந்திலேயே உட்கார்ந்து அதைப் படித்தாள். வரிக்கு வரி பென்சிலால் கோடு போட்டாள். துப்பாக்கிக் கடையில் தேர்வெழுதிய அன்று வெர்னும் கூடப் போனான். தன் துணை இல்லாமல் அவளுக்கு எதுவும் புரியாது என்று நிஜமாகவே நம்பினான்.

கடைக்காரன் ஹாலிஸ், வெர்னோடு பள்ளியில் படித்தவன். விடைத்தாளைத் திருத்திவிட்டு விசிலடித்தான்.

"முப்பதுக்கு முப்பது! இருபத்திமூணு வாங்கினாலே பாஸ்தான். இந்த வருஷம் முழு மார்க் வாங்கின முதல் ஆள் நீங்கதாம்மா. டேய் வெர்ன், நீ எத்தனடா வாங்கின?"

"நான் எழுதல. எங்கிட்ட ஏற்கெனவே இருக்கே."

"ஓ, அதுவும் சரிதான்" என்று ஹாலிஸ் கிளெண்டாவின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கையால இழுத்துத் தள்ளற போல்ட் வச்சத குடு அவளுக்கு. சட்டச் சிக்கலே இல்ல" என்று வெர்ன் குறுக்கே புகுந்தான்.

"குடுக்கலாம். ஆனா போல்ட் வலது பக்கம் இருக்கும். இடக்கைக்கு உள்ளத வரவழைக்க ரெண்டு மாசமாகும். அதுக்குள்ள ஆட்டுமந்தை காலியாயிடும்." ஹாலிஸ் சுவரிலிருந்து ஒன்றை இறக்கி மேசைமேல் வைத்தான். வெர்னுடையதைப் போலவே கறுப்பு. ஆனால் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் மீன்துடுப்பு போல ஒரு தட்டை முளைத்திருந்தது. விரல்களைச் சுற்றிப் பிடிக்க முடியாது, உள்ளங்கையை வைத்து அழுத்தத்தான் முடியும்.

வெர்ன் சிரித்தான். "இது என்னடா, துப்பாக்கியா, மீன்வாலா? கண்றாவி!"

"கண்றாவிதான். ஆனா இடக்கை வலக்கை ரெண்டுக்கும் சரியா உக்காரும். தோட்டா அடுக்கற மேகசின் கழட்டற மாதிரி இருந்துச்சுன்னா, கைப்பிடி துருத்திக்கிட்டு இருக்கக் கூடாதுங்கிறது சட்டம்..."

"தோள்ல வைக்கற பின்கட்டைய நீட்டி மடக்கற மாதிரியும் இருக்கக் கூடாது. நுனியில தீப்பொறி மறைக்கற குழாயும் கூடாது" என்று கிளெண்டா முடித்து வைத்தாள்.

"இதையெல்லாம் யாரு வந்து பாக்கப் போறா?" என்றான் வெர்ன்.

ஹாலிஸும் கிளெண்டாவும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்தார்கள். ஹாலிஸ் குனிந்து படிவங்களை எடுத்தான்.

அவள் துப்பாக்கியை இடது தோளில் பொருத்திப் பார்த்தாள். விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்திருந்தாள். கையேட்டில் போட்டிருந்தபடியே தோட்டா அறையைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்தாள். "பாருடா, எத்தன சுத்தம்!" என்றான் ஹாலிஸ். கையெழுத்துப் போட்டார்கள். மாநிலம் அவளுடைய பின்னணியை விசாரித்து முடிக்கப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் வெர்ன் வீட்டில் அந்தத் துடுப்பைக் கிண்டலடித்துக்கொண்டே இருந்தான். அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தபோதும் சிரிப்புதான்.

பதினோராம் நாள் துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. அந்தச் சனிக்கிழமையே ஆற்றோரத்துத் துப்பாக்கிச் சுடுகளத்தில் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டாள். அங்கிருந்துதான் வெர்னின் வயிற்றெரிச்சல் முற்றியது.

சுடுகளத்தைக் கவனித்துக்கொண்டவன் கர்ட்டிஸ் அமரல். காட்டுத்தீ அணைக்கும் படையில் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இல்லை. ஆறடிக்கு மேல் உயரம். அறுபது வயதிலும் வயிறு போடாதவன். கிளெண்டா அவனை மரியாதையோடுதான் குறிப்பிடுவாள். அந்த மரியாதையே வெர்னுக்கு முள்ளாகக் குத்தியது.

"மூச்ச முழுசா வெளிய விட்டுட்டு, அடுத்த மூச்சுக்கு முன்னால இருக்கற அந்தச் சின்ன இடைவெளியில விசைய அழுத்தணும்னு கர்ட்டிஸ் சொன்னாரு" என்றாள் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது.

"இது எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா சுடறேன்."

"தெரியும்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

அவன் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை அவள் தன் இலக்குத்தாளைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். நூறு கஜ தூரத்தில் சுட்ட ஐந்து ஓட்டைகள். அவள் குளிக்கப் போனதும் வெர்ன் சட்டைப்பையில் துழாவி ஒரு கால் டாலர் நாணயத்தை எடுத்து அந்த ஓட்டைகளின் மேல் வைத்துப் பார்த்தான். ஐந்தும் நாணயத்துக்கு அடியில் மறைந்துபோயின. கொஞ்சம் நகர்த்தி வைத்தான். அப்போதும் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. அவன் தன் வாழ்நாளில் சுட்டதிலேயே சிறந்த தாளின் ஓட்டைகளை மறைக்கக் காப்பிக் கோப்பையின் அடிப்பாகம் தேவைப்படும். அந்தக் குளியலறைக் குழாய்ச் சத்தம் நிற்பதற்குள் நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டு, திருடனைப் போல நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

கர்ட்டிஸ்மேல் கோபமா, அவள்மேல் கோபமா என்று அவனுக்கே விளங்கவில்லை. அவர்களுக்குள் ஒன்றும் இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் நெஞ்சில் கரி கனன்றுகொண்டே இருந்தது. தான் இருக்க வேண்டிய இடத்தில் வேறொருவன் நிற்கிறான். அந்த இடத்தில் வந்து நில்லு என்று அவள் முதலில் கூப்பிட்டது தன்னைத்தான். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து போய் வேறு ஏதாவது வேலையைப் பார்த்தான்.

அடுத்த சனிக்கிழமை அவள் கிளம்பும்போது இவனும் இரும்பு அலமாரியைத் திறந்தான்.

"நானும் வரேன்."

கிளெண்டா அந்த நீளப் பெட்டியைப் பார்த்தாள். "அத எடுத்துட்டா?"

"பின்ன? கையக் கட்டிக்கிட்டு நிக்கவா வரேன்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

சுடுகளத்தில் எட்டுப்பத்துப் பேர் இருந்தார்கள். எல்லாருமே கிளெண்டாவைப் பார்த்துக் கையசைத்தார்கள். கர்ட்டிஸ் நடந்து வந்து கையை நீட்டி, "கிளெண்டாவோட வீட்டுக்காரரா? வாங்க வாங்க" என்றான். கார்னிங்கிலேயே பிறந்து வளர்ந்தவன் வெர்ன். இதுவரை யாரும் அவனை அப்படி அழைத்ததில்லை. பெட்டியை மேசைமேல் வைத்து, எல்லாரும் பார்க்கட்டும் என்று மூடியை அகலத் திறந்தான்.

கர்ட்டிஸ் ஒரு பார்வை பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. கையை நீட்டி மூடியை மெதுவாகச் சாத்தினான்.

"என்ன பண்றீங்க?"

"சத்தம் போடாதீங்க. இத மாநிலத்துல பதிவு பண்ணியிருக்கீங்களா?"

"பதிவா? இது ஐடஹோவுல வாங்கினது."

"பிடி துருத்திட்டிருக்கு, மேகசின் கழலுது, கட்டை நீளுது. இத இங்க வச்சிருந்தாலே ஜெயில். வெளிய எடுத்துட்டு வந்ததும் தப்பு." கர்ட்டிஸ் குரலை இன்னும் தாழ்த்தினான். "நான் இப்ப ஒரு பூட்டின பெட்டியத்தான் பாத்தேன். இன்னொரு தடவ திறந்தீங்கன்னா நான் போலீசுக்கு எழுதியாகணும். நேரா வீட்டுக்குப் போய் பூட்டி வச்சுட்டு, திங்கக்கிழம ஒரு வக்கீலப் பாருங்க. தாமசம் பண்ணாதீங்க."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அந்த மனுஷன் அக்கறையோடு சொன்னதுதான் வெர்னைச் சுண்டிப்போக வைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பின்னாலேயே கிளெண்டாவும் வந்தாள். அன்றைக்கு அவள் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை.

வண்டி ஆலிவ் தோட்டங்களைத் தாண்டும்போது அவன் கேட்டான்.

"உனக்குத் தெரியுமா?"

"கையேட்டுல சட்டம் வர்ற பக்கத்தப் படிச்சப்பவே சந்தேகம். கடையில ஹாலிஸ் சொன்னதும் உறுதியாயிடுச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"மூணு தடவ ஆரம்பிச்சேன் வெர்ன். மூணு தடவையும் துடுப்பு, மீன்வாலுன்னு சிரிச்ச. நான் சொல்லியிருந்தா கேட்டிருப்பியா? இல்ல, இடக்கைக்காரி எனக்குப் பாடம் எடுக்கறான்னு குதிச்சிருப்பியா?" பிறகு தணிந்த குரலில் சேர்த்துக்கொண்டாள். "இன்னிக்கு காலையிலயாவது சொல்லியிருக்கணும். அது என் தப்புதான். நாலு பேர் முன்னாடி நீ கொஞ்சம் குட்டுப் படட்டும்னு நெனச்சேன். இவ்வளவு ஆகும்னு நெனைக்கல."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரெட் பிளஃபில் இருந்த வக்கீல் அம்மாள் இரண்டு வாரம் அலைந்து பேசி, வழக்கு எதுவும் இல்லாமல் துப்பாக்கியை ஷெரீஃப் அலுவலகத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்தாள். அதை அறுத்து உருக்கிவிடுவார்களாம். வெர்ன் ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, வண்டி நிறுத்தத்திலேயே வெகுநேரம் நின்றான். பிறகு நேராக ஹாலிஸின் கடைக்குப் போய் தேர்வு எழுத உட்கார்ந்தான். பதினெட்டு வருடமாகத் துப்பாக்கி வைத்திருந்தவன் முதன்முதலாக ஒன்றை முறைப்படி வாங்கப் போகிறான். இருபத்திநாலு மதிப்பெண். ஹாலிஸ் வாயைத் திறப்பதற்குள், "ஒண்ணும் பேசாத" என்றான். கடைசியில் போல்ட் வைத்த ஒன்றையே தேர்ந்தெடுத்தான். பத்து நாள் கெடு ஓடத் தொடங்கியது.

ஏழாம் நாள் விடியலில் ஆடுகள் அலறின. கிளெண்டா எழுந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் மண்டியிட்டாள். வெர்ன் தொலைநோக்கியோடு அவள் பக்கத்தில் குந்தினான். பனி படர்ந்த புல்லின்மேல், கடைசி வேலிக்கம்பத்தை ஒட்டி ஒரு கயோட்டி நின்று மந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு தூரம்?" என்று கிசுகிசுத்தாள்.

தவறாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை நினைத்து அவனுக்கே உடம்பு கூசியது. "நூத்தி நாப்பது. காத்து இல்ல. பின்னால மண்மேடுதான், ஆடு எதுவும் இல்ல."

அவள் மூச்சை வெளியே விட்டாள். ஒரே வெடி. கயோட்டி இருந்த இடத்திலேயே சாய்ந்தது. எதிரொலி மலையடிவாரம் வரை போய் அடங்கியது. அவள் தோட்டா அறையைத் திறந்து காலி செய்து, துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் அவன் பக்கம் திரும்பினாள்.

"நல்லாச் சுட்ட" என்றான். அதோடு விட்டிருக்கலாம், ஆனால் வாய் நிற்கவில்லை. "எனக்குப் பொறாமையா இருக்கு கிளெண்டா. வயிறு எரியுது. என்னால இப்படிச் சுட முடியாது. ஒருநாளும் முடிஞ்சதில்ல. அதனாலதான் உனக்குக் காட்டித் தரல."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவுமில்லை, கட்டிக்கொள்ளவுமில்லை.

"சொன்னியே, அதுவே பெருசு. வா, அதப் பொதைச்சிட்டு வரலாம். மண்வெட்டிய நீ எடு."

எடுத்தான்.

அடுத்த சனிக்கிழமை அவள் தனியாகத்தான் சுடுகளத்துக்குப் போனாள். வெர்னின் துப்பாக்கி கைக்கு வந்திருந்தது. ஆனால் கர்ட்டிஸின் முகத்தில் விழிக்க அவனுக்கு இன்னும் துணிவு வரவில்லை. நாள் முழுக்க வேலிக்கம்பி இழுத்துக் கட்டினான். சாலையில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் நிமிர்ந்தான். இப்போது அந்த நெடுமரம் அவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பானோ என்று நினைத்தான். நெஞ்சுக்குள் அந்தப் பழைய கரி இன்னும் அணையவில்லை.

மூன்று மணிக்கு அவள் வந்தாள். கையில் சுருட்டிய தாள். வெர்ன் கையுறையைக் கழற்றிவிட்டு வேலியைத் தாண்டி அவளிடம் வந்தான்.

"காட்டு" என்றான்.

அவள் தாளை விரித்தாள். அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு, கொஞ்சம் தள்ளி விழுந்திருந்த ஒரு ஓட்டையைச் சுட்டிக்காட்டிக் கேட்டான்.

"இது ஏன் இந்தப் பக்கம் போச்சு?"

"அதான் எனக்கும் புரியல. தோள் அசைஞ்சிருக்குமோ?"

"உக்காந்து சுட்டியா, படுத்துக்கிட்டா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியின் பின்பலகையை இறக்கி, அவள் உட்காருவதற்கு இடம் ஒதுக்கினான்.