நவமணி ஊதிய நெருப்பு

என் மனைவி நவமணிக்கு வாய் அதிகம். அந்த வாயின் கீழுதட்டில் பிறவியிலிருந்தே நாவல்பழம் மாதிரி ஒரு நீலக்கட்டி. உள்ளே முழுக்க ரத்தம். குனிந்தாலோ ஊதினாலோ உப்பும். சும்மா இருந்தால் வற்றிவிடும். அவள் சும்மா இருந்தால்தானே.

ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் பீடோங் ஊர்க் கடைகளில் தீப்பெட்டி கிடையாது. எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒரு வீட்டு நெருப்பை வாங்கித்தான் மற்ற வீட்டு அடுப்புகள் எரிந்தன. அந்த நெருப்பைக் காத்தவள் இவள். ஒருநாள் ஈர விறகை ஊதும்போது கட்டி உடைந்து, சேலை நனைய ரத்தம் கொட்டியது. தோட்டத்து மருந்தறையில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் துரைசிங்கம் விரலால் அழுத்திப் பிடித்தே நிறுத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர், பூசி மெழுகத் தெரியாதவர்.

“இன்னொருக்கா உடைஞ்சா நிப்பாட்ட ஏலாது. அதுக்கு முன்னம் கட்டியைச் சுட்டுவிடவேணும்,” என்றார்.

புண் ஆறியதும் மருந்தறைக்குப் போனோம். சூடு போடும் ஊசிகளைக் கரியடுப்பில் செருகிவிட்டு, என்னை ஊதச் சொன்னார். கரியோ ஈரம். புகைதான் வந்தது, கூடவே என் கண்ணீரும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த நவமணியின் கட்டி வற்றிக் கிடந்தது.

“கட்டி எங்க முடியுதெண்டு தெரியேல்லையே. தெரியாமக் குத்தேலாது. இன்னொரு நாள் பாப்பம்,” என்றார் டிரெசர்.

“நவுருங்க லா,” என்று நவமணி என் கையிலிருந்த ஊதாங்குழலைப் பிடுங்கினாள். “ஊதத் தெரியாதவருக்கு எதுக்குக் குழலு?”

நான் தடுப்பதற்குள் ஊதிவிட்டாள். கரி சிவந்தது. கட்டியும் உப்பி எழுந்தது. உடைந்துவிடுமோ என்று நான் குழலைப் பிடுங்கப் போனேன். டிரெசர் சிரித்தார்.

“அப்பிடியே இருங்கோ பிள்ளை,” என்று கட்டியின் ஓரம் முழுக்க ஊதா நிற மருந்தால் கோடு இழுத்தார். பிறகு, எங்கேயோ ஒளித்து வைத்திருந்த மரத்துப்போகும் மருந்தைப் போட்டு, கோட்டுக்குள் சிவந்த ஊசிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். நவமணி பிடித்த பிடியில் என் கையில் நகம் பதிந்தது.

புண் ஆறும்வரை பேசக் கூடாது என்று உத்தரவு. லயமே அடங்கிப் போனது. பக்கத்து வீட்டு அழகம்மா, “அக்கா எங்கயாச்சும் போயிருக்காங்களா அண்ணே?” என்று கேட்டாள். முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் தாங்க முடியவில்லை. திட்டவாவது மாட்டாளா என்று வேண்டுமென்றே மரவள்ளிக் கஞ்சியைத் தீயவிட்டேன். முறைத்தாள், அவ்வளவுதான்.

பொருக்கு உதிர்ந்த காலையில், டிரெசர் சரி என்று சொன்ன பிறகு, அடுப்பின் முன் குந்திக் குழலை எடுத்தாள். அவள் பலமாக ஊதினாள். நெருப்பு எழுந்தது. உதட்டில் ஒன்றும் எழவில்லை. சின்னத் தழும்புகளோடு வெறும் உதடு.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

“என்னத்த பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?” என்றாள் நவமணி. “தீயவிட்டீங்களே, அந்தக் கஞ்சிச் சட்டிய மொதல்ல கழுவுங்க லா.”