மெர்வ் டூலன் நனைத்த ஆடுகள்

மெர்வ் டூலன் முதன்முதலில் அழுதது ஒரு ரொட்டித் துண்டுக்காக. சமையல்காரன் ஸ்பட் அதை ஒரு பக்கம் கருக்கிவிட்டான்.

செம்மறிகளுக்கு ரோமம் வெட்டுகிற கொட்டகையில் இது நடக்கக்கூடாத காரியம். அதிலும் மெர்வ் சாமானியரில்லை. டார்லிங் நதிக்கரைப் பண்ணைகளில் இருபத்தாறு வருஷமாக எந்திரக் கத்தரி பிடித்தவர். ஒருமுறை ஒரு கிடா முட்டி மூன்று விலா எலும்பு போயிற்று. அந்தக் கிடாவுக்கு வாலடி வரைக்கும் சுத்தமாக வெட்டி முடித்துவிட்டுத்தான், "லேசா பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். பெற்ற அப்பாவைப் புதைத்த அன்றைக்குக்கூட, குழி கோணலாக இருக்கிறதென்று வெட்டினவனோடு சண்டை போட்டாரே தவிர, ஒரு சொட்டு விடவில்லை.

ஆனால் இது ஓய்வில்லாமல் ஓடிய பதிமூன்றாவது வாரம், ஆறாவது கொட்டகை. பதினான்கு மாதமாக மழை இல்லை. வெயிலில் தகரக்கூரை முனகிக்கொண்டிருந்தது. வெட்ட வந்த மெரினோ ஆடுகள் ஒவ்வொன்றின் மேலும் மூன்று ஆட்டுக்குப் போதுமான தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. இந்த லட்சணத்தில் திங்கட்கிழமை மாவு மூட்டையோடு ஒரு கடிதம் வந்தது. மூத்த மகள் நோலீன் நரண்டேராவிலிருந்து எழுதியிருந்தாள்.

"அப்பா, சனிக்கிழமை மூணு மணிக்குக் கல்யாணம். நான் பொறந்தப்ப நீ வரல. தங்கச்சிங்க பொறந்தப்பவும் வரல. இதுக்கும் வரலேன்னா சிரில் மாமா கையப் புடிச்சுக்கிட்டுக் கோயிலுக்குள்ள போயிடுவேன். அவரு புது கோட்டு தைச்சாச்சு."

மணப்பெண்ணைக் கைபிடித்து மாதா கோயில் பீடம்வரை கூட்டிப்போவது அப்பாவின் உரிமை. சிரில், மெர்வின் மச்சினன். இன்ஷூரன்ஸ் விற்பவன். மெர்வ் உயிரோடிருக்கும்போதே அவர் செத்தால் என்ன கிடைக்கும் என்று அவர் மனைவியிடம் விளக்கியவன். தன் மகளின் கை அந்தக் கையில் இருப்பதை மெர்வால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பாதியில் இறங்கிப் போகவும் வழியில்லை. அப்படிப் போனவனுக்கு அடுத்த வருஷம் எந்தக் கொட்டகையிலும் இடம் கிடைக்காது. ஊருக்குப் போகிற ஒரே லாரி, காண்ட்ராக்டர் ஆர்ச்சி கோல் வைத்திருந்த லாரி. கடைசி ஆடு முடிந்தால்தான் அது கிளம்பும். வெள்ளி சாயங்காலம் முடியும், அரை நாள்கூடத் தவறக்கூடாது என்பது ஆர்ச்சியின் கணக்கு.

இது எதையும் மெர்வ் யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ரொட்டியைப் பார்த்தார், கண் நிறைந்துவிட்டது.

"அழாதய்யா, வேற சுட்டுத் தரேன்" என்றான் ஸ்பட், பயந்துபோய்.

"வேணாம்டா. நீ பாவம், ராத்திரியெல்லாம் மாவு பிசைஞ்சிருப்ப" என்று சொல்லிவிட்டு மெர்வ் அதற்கும் சேர்த்து அழுதார்.

அப்புறம் எதுவும் நிற்கவில்லை. தொட்டாற்சுருங்கிகூட யாராவது தொட்டால்தான் சுருங்கும், மெர்வுக்கு அந்தச் சிரமமும் தேவைப்படவில்லை. பண்ணை நாய் கொட்டாவி விட்டது, அழுதார். பக்கத்து ஆள் "எண்ணெய் டப்பாவ நகத்து" என்றான், அவன் குரலில் பழைய பிரியம் இல்லையே என்று அழுதார். ஒரு கிழட்டுப் பெண் ஆடு, பாதி வெட்டின நிலையில் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. நோலீன் ஆறு வயதில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தபோது பார்த்த அதே பார்வை. ஆனால் நோலீனுக்கு முடி வெட்டியபோதும் தான் ஊரில் இல்லையே என்பது ஞாபகம் வந்ததும் மெர்வ் உடைந்து நொறுங்கிப்போனார்.

கை மட்டும் நிற்கவேயில்லை. அழுதுகொண்டே இருநூறு ஆடு வெட்டினார்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எல்லாருக்கும் தெரியும். அவர்கள் வெட்டிக்கொண்டிருந்த கும்பாலா பண்ணையில் மனிதன் அழுததால் ஆடு நனைந்தது. கொட்டகை கால்கள் மேல் நிற்கிற கட்டடம். அடுத்து வெட்ட வேண்டிய ஆடுகள் நிழலுக்காகப் பலகைத் தளத்துக்கு அடியில் அடைபட்டிருக்கும். மெர்வின் கண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி அவற்றின் முதுகில் சொட்டியது. பண்ணை முதலாளி மழைமானியைக் கொண்டுவந்து மெர்வின் காலடியில் வைத்துப் பார்த்தார். போன வருஷ ஜூலைக்குப் பிறகு அதில் ஏறிய முதல் அளவு அதுதான். "சாப்பாட்டு நேரத்துல கோதுமை வயல் பக்கமா கொஞ்சம் நடந்துட்டு வர முடியுமா, மிஸ்டர் டூலன்?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

புதன் மத்தியானம், வெட்டுகிறவர்களில் ஒருவரும் தொழிலாளர் சங்கப் பிரதிநிதியுமான ஹோரேஸ் பிக் ஓர் ஆட்டின் முதுகில் கைவைத்தார். கையைப் பார்த்தார். எந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

ஈர ஆட்டை வெட்டினால் வெட்டுகிறவன் உடம்பில் கட்டி கிளம்பும், மூட்டு பிடிக்கும், காய்ச்சல் வரும். அதனால் சந்தேகம் வந்தால் ஓட்டெடுப்பு. ஆளுக்கு இரண்டு ஆடு வெட்டிப் பார்த்து, 'ஈரம்' அல்லது 'காய்ஞ்சது' என்று சீட்டில் எழுதித் தொப்பியில் போட வேண்டும். ஈரம் ஜெயித்தால் ஆடு காயும்வரை வேலை இல்லை. இதில் ஆண்டவனே வந்து சொன்னாலும் மாற்றமில்லை.

"ஹோரேசு, மழையே இல்லையே" என்று ஆர்ச்சி பதறினான். "விதியில மழை, பனி, ஆத்துத்தண்ணின்னுதான இருக்கு? கண்ணீர்னு எங்க இருக்கு?"

"ஈரம்னு இருக்கு. எங்கேருந்து வந்துச்சுன்னு ஆட்டுகிட்டயா விசாரிக்க முடியும்?"

"உப்புத்தண்ணிப்பா அது! சீக்கிரம் காயும்."

"அப்ப காயட்டும். உக்காருவோம்."

எட்டு பேர் போட்டார்கள். ஈரம் ஐந்து, காய்ந்தது மூன்று. எல்லாரும் கத்தரியை மாட்டிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார்கள். அரை நாள் போயிற்று. மெர்வ் ஒரு கம்பளிப் பொதியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் இடம் மாறின.

ஹோரேஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "யோவ் மெர்வு, என்னதான்யா உனக்கு? பொண்டாட்டி ஓடிட்டாளா?"

"இல்ல."

"திரும்பி வந்துட்டாளா?"

"நோலீனுக்கு சனிக்கிழமை கல்யாணம்யா." அதற்கப்புறம் எல்லாம் வந்தது. சிரில், கோட்டு, பிறந்தபோது போகாதது, முடி வெட்டியபோது இல்லாதது.

ஏழு பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் பிறந்திருந்தன. அவர்களும் போனதில்லை.

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்றார் ஹோரேஸ்.

"சொன்னா அழுதுடுவேன்னு பயந்துதான் சொல்லல."

அதைக் கேட்டு ஸ்பட் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

வியாழன் காலையில் நிலைமை இன்னும் மோசம். ராத்திரி பூராவும் மெர்வ் கொட்டகையில்தான் படுத்திருந்தார். எல்லாரும் தன்னிடம் இவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்களே என்ற நினைப்பு வேறு அவரைப் பிடித்துக்கொண்டது. அடியிலிருந்த ஆடுகள் ஆற்றில் நீந்திக் கரையேறினவை மாதிரி நின்றன. மறுபடியும் ஓட்டு. ஆளுக்கு இரண்டு வெட்டினார்கள். பிழிந்தால் வாளி நிறைகிற கம்பளியை ஒவ்வொருவனும் முகத்தைத் துளிகூட அசைக்காமல் வெட்டிப் போட்டான். சீட்டுகள் தொப்பிக்குள் விழுந்தன.

ஹோரேஸ் ஒவ்வொன்றாகப் பிரித்தார். "காய்ஞ்சது. காய்ஞ்சது. காய்ஞ்சது..." ஏழு முறை. எட்டாவது சீட்டு விரலில் ஒட்டிக்கொண்டது. எழுத்தெல்லாம் கரைந்து நீலமாக ஓடியிருந்தது. "இது... ஈரம்."

எல்லாரும் மெர்வைப் பார்த்தார்கள்.

"ரகசிய ஓட்டுன்னா கொஞ்சமாவது ரகசியமா போடணும்யா" என்றார் ஹோரேஸ்.

"இருபத்தாறு வருஷமா பொய் ஓட்டு போட்டதில்ல. ஈரத்த எப்படிய்யா காய்ஞ்சதுன்னு எழுதுறது?"

"நாங்க ஏழு பேரும் பின்ன எத எழுதினோம்? எழுதப் படிக்கத் தெரியாதவங்கன்னு நெனச்சியா? ஏழுக்கு ஒண்ணு. தோத்துட்ட. போய் வெட்டு, பெருசு."

அன்றைக்கும் மறுநாளும் தேநீர் இடைவேளையை வெட்டினார்கள். அதை வெட்டச் சொன்னவர் ஹோரேஸ். தேநீர் இடைவேளைக்காகவே இரண்டு வேலைநிறுத்தம் நடத்தி, ஒருமுறை சிறைக்கும் போய்வந்த மனிதர். அதைக் கேட்டதும் ஆர்ச்சியே முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெள்ளி சாயங்காலம் விளக்கேற்றுமுன் கடைசி ஆடு சறுக்குப்பலகையில் இறங்கிப் போயிற்று.

சனிக்கிழமை மூன்றடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் ஆர்ச்சி ஓட்டிய லாரி நரண்டேரா கோயில் வாசலில் நின்றது. எட்டு பேரும் இறங்கினார்கள். பொய் ஓட்டுப் போட்ட ஏழு பேருக்கு விதி சொன்னபடியே கட்டி கிளம்பியிருந்தது. ஹோரேசுக்குக் கிளம்பிய இடம் உட்கார உதவாத இடம், முன்னூறு மைலும் நின்றுகொண்டே வந்தார். ஆட்டுக்கொழுப்பு நாற்றத்தில் வாசலிலிருந்த பூச்செண்டுகள் தலை கவிழ்ந்தன.

சிரில், நோலீனின் கையைப் பிடித்தபடி படியில் ஏறிக்கொண்டிருந்தான்.

"அந்தக் கை எங்க ஆளுக்குச் சேர வேண்டியது" என்றார் ஹோரேஸ் அவனிடம். "கோட்டும்."

சிரில் ஏழு கட்டிக்காரர்களையும் ஒருமுறை பார்த்தான். கோட்டைக் கழற்றினான். அதன் கை மெர்வுக்கு முழங்கையோடு முடிந்தது.

உள்ளே ஆர்கன் ஆரம்பித்தது. நோலீன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள். பாதி தூரம் வந்தாயிற்று. காய்ந்துபோன ஆற்றுப்படுகை மாதிரி இருந்தது அந்த முகம்.

"என்னப்பா, ஒரு சொட்டுகூடக் காணோம்? ஆட்டுக்கெல்லாம் அழுதியாம், வாசல்ல லாரிக்காரரு சொன்னாரு."

மெர்வ் உண்மையாகவே முயன்று பார்த்தார். கருகின ரொட்டியை நினைத்தார். கிழட்டு ஆட்டின் பார்வையை நினைத்தார். அப்பாவை நினைத்தார், கோணல் குழிதான் ஞாபகம் வந்தது. உள்ளே தேடிப்பார்த்த இடமெல்லாம் சௌகரியமாக இருந்தது.

"வரலம்மா" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். "வந்து சேருவனா மாட்டனான்னு இருந்தப்ப நிக்காம வந்துச்சு. வந்து சேந்துட்டேன் பாரு, கடைய மூடிடுச்சு."

நோலீன் அவருடைய கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"சரி, உளறாம நட" என்றாள்.