மலை வாயை மூடிய நாள்

மலை புகைவதை நிறுத்தியதும் ஊரே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை.

எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தில், மலை விடும் வாயுவை அளப்பது என் வேலை. சில வாரங்களாக அது கந்தகப் புகையைக் கக்கியதில், சரிவில் இருந்த தெரு முழுக்கக் கீழே இறங்கி வந்திருந்தது. என் மாமியாரும் வந்தார், தன் இரும்புப் பீரோவோடு. சாவி இடுப்பில். அன்றிலிருந்து என் சமையலறையில் அவர் ஆட்சி. டப்பா இருந்தால் மூடி இல்லை, மூடி இருந்தால் டப்பா இல்லை. கேட்டால், "வச்ச பொருளைத் தேடத் தெரியல, மலையை அளக்கப் போறா" என்பார்.

புகை நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் எல்லோரும் மேலே திரும்பிவிட்டார்கள். அத்தையும்தான். பீரோவுக்கு மட்டும் வண்டியில் இடமில்லை.

என் கருவியில் வாயு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நில அதிர்வோ விடாமல் வந்தது.

"அடங்கிருச்சாம்மா?" என்றார் எங்கள் அதிகாரி. எதற்கெடுத்தாலும் 'பொறுங்க' என்பதால் அவருக்குப் பேரே பொறுங்க.

"அடங்கல சார். அடைச்சிருக்கு."

என் அத்தையும் இப்படித்தான். கத்தும் நாளில் நிம்மதியாகச் சாப்பிடலாம். பேசாமல் இருக்கும் நாளில்தான் தட்டு பறக்கும். 'பொறுங்க' சார் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறுக்காமல் சைரனை அடிக்கச் சொன்னார். வேன்கள் மேலே போயின. நான் போனை எடுத்தேன்.

"அத்தை, சைரன் கேக்குதுல்ல? கிளம்புங்க."

"புகையே இல்லையேடி. இப்பதான் துணி காயப் போட்டிருக்கேன்."

"புகை இல்லாததுதான் வம்பே. கடலோட தரை நம்ம நிலத்துக்கு அடியில சொருகிட்டே போகுது. கூடவே தண்ணியையும் இழுத்துட்டுப் போகுது. ஆழத்துல அந்தத் தண்ணி வெளியேறி, மேல இருக்கற சூடான பாறையில சேருது. ஈரம் சேர்ந்தா பாறை சீக்கிரம் உருகிரும். உருகின குழம்பு மேல வருது, உள்ள பூரா வாயு. இப்ப மலை வாய் அடைச்சுக்கிச்சு. குலுக்கின சோடா பாட்டில் மாதிரி..."

"தண்ணி பட்டா கல்லு உருகுமா? தண்ணி ஊத்தினா அடுப்பு அணையும். இதுகூடத் தெரியாம உனக்குச் சம்பளம் வேற. வை போனை."

என் கணவர் கூப்பிட்டுப் பார்த்தார். பெற்ற பிள்ளைக்கும் அதே மரியாதைதான். தெருவே வேனில் ஏறிவிட்டது, உங்கள் அம்மா மட்டும் வாசலைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார் என்று டிரைவர் சொன்னார். எவ்வளவு சண்டை போட்டாலும் என் அத்தை, சாகவா விடுவேன்? மறுபடி அழைத்தேன்.

"அத்தை, உங்க பீரோ இடத்தை அடைக்குது. பூட்டை உடைக்க ஆள் வந்திருக்கு."

"என்ன சொன்ன?"

"கம்பியை உள்ள விட்டாச்சு. இன்னும் ரெண்டு நெம்பு."

"அடிப்பாவி! கையை வச்சுப் பாரு! அங்கயே இரு, வரேன்!"

ஒரு மிரட்டலைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

நிலையத்துக்குப் பின்னால்தான் எங்கள் குடியிருப்பு. கடைசி வேனிலிருந்து அத்தை தலைவிரி கோலமாகக் குதித்தார். வாசலிலேயே திட்ட ஆரம்பித்தார். என்னை முடித்து, என் அம்மாவை முடித்து, என் அப்பாவிடம் வரும்போது மலை வெடித்தது.

ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. சாம்பல் வானம் வரை எழும்பியது. சரிந்து இறங்கிய சாம்பலில் அத்தையின் தெரு இருந்த இடமே தெரியவில்லை.

அத்தை வாயை மூடினார். எனக்கு மலையைவிட அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க அங்க இருந்திருந்தா..." என்று ஓவென்று அழுதுவிட்டேன்.

அவர் உள்ளே போய்ப் பீரோவைப் பார்த்தார். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"உடைக்கலையா?"

"இல்ல அத்தை. பொய் சொன்னேன்."

பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"தொண்டை வறண்டு போச்சு. உள்ள டம்ளர் இருக்கு, எடு."

திறந்தேன். டம்ளர் இருந்தது. என் டம்ளர். அதன் பின்னால் நான் வீடு முழுக்கத் தேடிய டப்பாக்கள், மூடிகள், கரண்டி, அத்தனையும்.

"அத்தை! இதெல்லாம் என்னோடது!"

"ஆமா, உன்னோடதுதான். மேல கொண்டு போயிருந்தா இந்நேரம் சாம்பல்டி! பத்திரமா வச்சுக் காப்பாத்தினது யாரு? நானு! நன்றி கெட்டவளே, உங்கப்பனைச் சொல்லணும்..."

அப்பாடா. கத்த ஆரம்பித்துவிட்டார்.